அம்பை 16-க்குள் ஏழு எதிர்ப்புகள்: மார்க்கர் வழி நெல் இனப்பெருக்கம், ஒரு நிகழ்வு ஆய்வு

நெல்லைச் சீமையில் மழைக்காலத்தை ஒட்டி நடும் பிசானப் பருவ நெல் தூர் கட்டி நிற்கும் நேரத்தில் காற்றும் மழையும் இரண்டு மூன்று நாள் சேர்ந்து அடித்துவிட்டு வெயில் வந்தால், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் வயல் வைத்திருப்பவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது இலை நுனியைத்தான். நுனியில் தொடங்கி ஓரத்தோடு ஒரு வெளிறல் அலை அலையாகக் கீழே இறங்கும். முதலில் மஞ்சள், அப்புறம் வைக்கோல் நிறம். அதிகாலையில் போனால் இலை மேல் பால் நிறத்தில் சின்னச் சின்னத் துளிகள் நிற்கும். வெயில் ஏறியதும் அவை காய்ந்து மஞ்சள் மணிகளாக ஒட்டிக்கொள்ளும். இதுதான் பாக்டீரியா இலைக்கருகல் நோய். கிருமியின் பெயர் சாந்தோமோனாஸ் ஒரைசே.

சத்துக் குறைவால் காய்ந்த இலையையும் இந்த நோயையும் பிரித்தறிய ஆய்வகம் தேவையில்லை. பச்சையும் காய்ச்சலும் சேரும் இடத்தில் இலையை ஒரு துண்டு வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் போட்டுச் சில நிமிடம் ஆட்டாமல் வையுங்கள். வெட்டுவாயிலிருந்து வெண்மையாக, கலங்கலாக ஒரு இழை கசிந்து தண்ணீரில் இறங்கினால் சந்தேகமே வேண்டாம். அந்த இழை முழுக்கப் பாக்டீரியாதான்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு வயல் வரப்பில் வைத்து இதைச் செய்து காட்டியபோது, வயலுக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சி டம்ளரைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "சரி தம்பி, இதுக்கு என்ன மருந்து அடிக்க?" என்று கேட்டார். நம்பி அடிக்கிற மாதிரி மருந்து இல்லை என்றதும் அவர் சொன்னதுதான் இந்த ஆய்வின் மையம்: "வேற நெல்லு போடுன்னு மட்டும் சொல்லிராத. வீட்டுக்கும் அம்பை பதினாறுதான் ஆகும், யாவாரியும் அதைத்தான் கேக்கான்."

அவர் கேட்டது நியாயமான கோரிக்கை. நெல் அதே நெல்லாக இருக்க வேண்டும், நோய் மட்டும் வரக்கூடாது. வேண்டிய மரபணு செடியில் இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் டி.என்.ஏ. அடையாளங்கள், அதாவது மார்க்கர்கள், வருவதற்கு முன்னால் இதைச் செய்து கொடுப்பது இனப்பெருக்க விஞ்ஞானிகளுக்கு மிகக் கடினமான வேலையாக இருந்தது. ஏன் கடினம், இப்போது எப்படி முடிகிறது என்பதற்கு அம்பை 16-ஐ வைத்தே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

மருந்து ஏன் கைகொடுப்பதில்லை

பெரும்பாலான பூஞ்சாணக் கொல்லிகள் பாக்டீரியாவைத் தொடாது. ஆன்டிபயாட்டிக் தெளிப்பு வயலில் ஒரு தடவை கேட்கும், ஒரு தடவை கேட்காது. மேலும் மனித மருத்துவத்துக்கு வேண்டிய மருந்தை வயலில் கொட்டுவது எனக்குச் சம்மதமில்லாத காரியம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலை நோய் தென்பட்டதும் ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து ஒரு முறை தெளிப்பது இருக்கிறது. அதோடு யூரியாவைக் குறைப்பது, நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளாமல் இருப்பது. கிள்ளிய காயம் கிருமிக்குத் திறந்த வாசல்.

இன்னொன்று இந்தப் பகுதிக்கே உரியது. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் பல இடங்களில் தண்ணீர் வயல் விட்டு வயல் பாய்கிறது. மேல் வயலில் நோய் என்றால் வாமடை வழியாகக் கீழ் வயலுக்கும் கிருமி இறங்கும். நோய்கண்ட வயல் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாதே என்பது புத்தகத்தில் எழுத எளிது. வரப்புக்கு வரப்பு ஒட்டிக் கிடக்கும் வயல்களில் அது நடக்காது. அதனால் இங்கே எதிர்ப்புச் சக்தி விதையிலேயே இருந்தாக வேண்டும்.

அம்பை 16

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-ல் தொடங்கியது. அங்கிருந்து 1986-ல் வெளிவந்தது ஏ.எஸ்.டி. 16, அதுதான் மக்கள் சொல்லும் அம்பை 16. பெற்றோர் ஆடுதுறை 31, கோ 39. வயது 110 முதல் 115 நாள். குண்டு அரிசி. இட்லிக்கு அதைத் தேடி வாங்குகிறவர்கள் நெல்லையிலிருந்து குமரி வரை இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அதே நிலையத்திலிருந்தே புது ரகங்கள் வந்தும், அம்பை 16 இன்னும் நிற்கிறது.

அதன் பலவீனம் நோய். பாக்டீரியா இலைக்கருகல், குலை நோய், இலையுறைக் கருகல் மூன்றுக்கும் அது இடம் கொடுக்கும். குலை நோயைப் பொறுத்தவரை பிறப்பிலேயே ஒரு காரணம் தெரிகிறது. பெற்றோரில் ஒன்றான கோ 39, குலை நோய் ஆராய்ச்சியில் உலகெங்கும் பெயர் பெற்றது. நோய் நிச்சயமாக வரும் என்பதற்காகவே அதைச் சோதனைத் திடல்களில் ஒப்பீட்டுக்கு நடுகிறார்கள்.

2020-ல் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்கொண்ட இரண்டு ரகங்களில் ஒன்று அம்பை 16, மற்றொன்று ஆடுதுறை 43. நோக்கம், இந்த மூன்று நோய்க்கும் எதிர்ப்பை ஒரே செடிக்குள் கொண்டு வருவது. இலைக்கருகலுக்கு மூன்று மரபணுக்கள்: எக்ஸ்ஏ-5, எக்ஸ்ஏ-13, எக்ஸ்ஏ-21. இவற்றைக் கொடுத்தது ஐ.ஆர்.பி.பி. 60 என்ற வரிசை, அதாவது இனப்பெருக்க வேலைக்காக உருவாக்கி நிலைப்படுத்திய நெல் வழி. குலை நோய்க்கு பிஐ-54. இலையுறைக் கருகலுக்குத் தனியாக ஒரு பெரிய மரபணு கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்புத் தரும் குரோமோசோம் பகுதிகள்தான் உண்டு. அவற்றில் மூன்றைச் சேர்த்தார்கள், 7-ஆம் குரோமோசோமில் ஒன்று, 11-ல் இரண்டு. பிஐ-54-ஐயும் இந்த மூன்று பகுதிகளையும் கொடுத்தது டெட்டெப் என்ற வியட்நாம் நெல். ஆக மொத்தம் ஏழு.

மூன்று மரபணுக்கள் எதற்கு

ஒன்று போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. எக்ஸ்ஏ-21 மட்டுமே இருந்தால் அதை மீறும் கிருமி வகைகள் இந்தியாவிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே மரபணுவை நம்பிப் பெரும் பரப்பில் நட்டால் கிருமி அதைத் தாண்டக் கற்றுக்கொள்ளும். மூன்றும் மூன்று விதமாக வேலை செய்கிறவை என்பதால் மூன்றையும் ஒரே சமயத்தில் தாண்டுவது அதற்கு மிகக் கடினம்.

எக்ஸ்ஏ-21 செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நிறுத்துகிறது. பாக்டீரியா வெளியிடும் ஒரு சிறு புரதத் துண்டை அது அடையாளம் கண்டு செடியைத் தற்காப்புக்கு எழுப்புகிறது. இந்த மரபணு வந்த வழியே பெரிய கதை. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து வந்த ஒரு காட்டு நெல், சோதித்த எல்லாக் கிருமி வகைகளையும் தாங்குவதை 1977-ல் கட்டாக்கில் கண்டார்கள். அதைப் பயிர் நெல்லுக்குள் கொண்டுவர பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் குர்தேவ் சிங் குஷ் குழுவினருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. 1995-ல் அமெரிக்க விஞ்ஞானி பமீலா ரொனால்டின் குழு அந்த மரபணுவையே தனியாகப் பிரித்தெடுத்தது.

எக்ஸ்ஏ-13 வேறு மாதிரி. கிருமி செடிக்குள் ஒரு புரதத்தை அனுப்பி, சர்க்கரையை வெளியேற்றும் ஒரு மரபணுவைத் தூண்டி, அந்தச் சர்க்கரையைத் தின்று பெருகுகிறது. எக்ஸ்ஏ-13 உள்ள செடியில் அந்தத் தூண்டுமிடம் மாறியிருப்பதால் கிருமியின் புரதம் அங்கே பிடிக்காது, கிருமிக்குத் தீனி கிடைக்காது. எக்ஸ்ஏ-5 கொண்ட செடியில், கிருமியின் புரதங்கள் தங்கள் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் செடியின் ஒரு புரதத்தில் சிறு மாற்றம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எக்ஸ்ஏ-21 முழு வேகத்தில் வேலை செய்வது வளர்ந்த பயிரில். இளம் நாற்றில் அதன் பலம் குறைவு. நட்ட சில வாரத்திலேயே நாற்று வாடிச் சுருண்டு போகும் நிலையும் இந்த நோய்க்கு உண்டு என்பதால், மற்ற இரண்டும் கூட இருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

கண்ணுக்குத் தெரியாததைப் பார்ப்பது

இனி மார்க்கர் எங்கே தேவைப்படுகிறது என்று பார்ப்போம். ஒரு ரகத்தின் குணம் மாறாமல் எதிர்ப்பை மட்டும் சேர்க்க, பிற்கலப்பு என்ற பழைய முறை இருக்கிறது. அம்பை 16-ஐ ஐ.ஆர்.பி.பி. 60-உடன் கலந்தால் பிறக்கும் செடியில் இரண்டும் பாதிப் பாதி. அதை மறுபடி அம்பை 16-உடன் கலந்தால் சராசரியாக 75 சதவீதம் அம்பை. இன்னொரு முறை கலந்தால் 87.5, மூன்றாம் முறை 93.75. ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பு மரபணு கையை விட்டுப் போகாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும், சிக்கலே இங்கேதான்.

எக்ஸ்ஏ-5-உம் எக்ஸ்ஏ-13-உம் ஒடுங்கு மரபணுக்கள். இரண்டு பிரதியும் இருந்தால்தான் செடி நோயைத் தாங்கும். பிற்கலப்புச் செடியில் ஒரு பிரதிதான் இருக்கும், ஆகவே நோய் வரும். நோயைக் கொடுத்துப் பார்த்தால் மரபணு உள்ள செடியும் இல்லாத செடியும் ஒன்றுபோலத்தான் காயும். பழைய முறையில் ஒவ்வொரு கலப்புக்குப் பிறகும் தன்மகரந்தச் சேர்க்கையில் ஒரு தலைமுறை கூடுதலாக வளர்த்து, தாங்கும் செடி வெளிப்படும் வரை காத்திருந்து, பிறகு அடுத்த கலப்புக்குப் போக வேண்டும். காலம் இரட்டிப்பாகும்.

அதைவிடப் பெரிய சிக்கல் எக்ஸ்ஏ-21. அது ஓங்கு மரபணு, ஒரு பிரதி இருந்தாலே வேலை செய்யும், பலமானது. அது இருக்கும் செடி சோதனையில் நோயைத் தாங்கிவிடும். அந்தச் செடியில் மற்ற இரண்டும் இருக்கின்றனவா இல்லையா என்று இலையைப் பார்த்து எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. ஒன்றின் நிழலில் மற்றவை மறைந்துபோகும். மார்க்கர் என்றாலே வேகம் என்றுதான் பலரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் வேகம் இரண்டாம் பட்சம். மூன்று மரபணுவும் ஒரே செடியில் இருப்பதை உறுதி சொல்ல மார்க்கரை விட்டால் நடைமுறையில் வழியில்லை.

மார்க்கர் என்பது நமக்கு வேண்டிய மரபணுவுக்குள்ளோ, பக்கத்திலோ இருக்கும் ஒரு டி.என்.ஏ. அடையாளம். எல்லைக்கல் போல என்று சொல்லலாம். கல்லைப் பார்த்தால் எந்த வயல் என்று தெரியும், ஆனால் கல் வயலை விட்டுத் தள்ளி நட்டிருந்தால் நம்ப முடியாது. மார்க்கரும் மரபணுவும் தூரமாக இருந்தால், இனச்செல் உருவாகும்போது குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும் இடத்தில் இரண்டும் பிரிந்துவிடும். எக்ஸ்ஏ-21-க்குப் பெரும்பாலான ஆய்வகங்கள் பயன்படுத்தும் பி.டி.ஏ. 248 என்ற மார்க்கர் மரபணுவை ஒட்டியே இருக்கிறது. எக்ஸ்ஏ-5, எக்ஸ்ஏ-13 இரண்டுக்கும் மரபணுவில் உள்ள மாற்றத்தையே நேரடியாகக் காட்டும் மார்க்கர்கள் வந்துவிட்டன.

வேலை நடக்கும் விதம் இது. பூக்கப் போகும் கதிரில் ஒவ்வொரு பூவின் உமி நுனியையும் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்துவிட்டு, கதிருக்குக் காகித உறை போடுவார்கள். மறுநாள் காலை, நெல் பூ திறக்கும் நேரத்தில், மற்றப் பெற்றோரின் கதிரைக் கொண்டுவந்து உறைக்குள் உதறுவார்கள். ஒரு கதிரில் கிடைப்பது கொஞ்சம் விதைதான். அவை முளைத்து நாற்றானதும் இலையில் ஒரு துண்டு கிள்ளி டி.என்.ஏ. எடுத்து, பி.சி.ஆர். கருவியில் பெருக்கி, அகரோஸ் ஜெல் என்ற கூழ்ப் பலகையில் வைத்து மின்சாரம் செலுத்தி, துண்டுகளை நீளவாரியாகப் பிரிப்பார்கள். புறஊதா வெளிச்சத்தில் கோடுகள் ஒளிரும். பி.டி.ஏ. 248-ல் எதிர்ப்பு வடிவத்தின் கோடு சுமார் 950 கார இணை (டி.என்.ஏ. துண்டின் நீளத்தை எண்ணும் அலகு) அளவில் மேலே நிற்கும், நோய்க்கு இடம் கொடுக்கும் வடிவம் அதைவிடச் சிறியது, கீழே நிற்கும். இரண்டு கோடும் தெரிந்தால் செடியில் ஒவ்வொன்றும் ஒரு பிரதி. நாற்று நடவுக்கு வரும் முன்னே விடை கையில் இருக்கும். வேண்டாத நாற்றை நடவே வேண்டியதில்லை.

கணக்கைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். மூன்று மரபணுவும் 5, 8, 11 என்று வெவ்வேறு குரோமோசோமில் இருக்கின்றன. பிற்கலப்பில் மூன்றும் சேர்ந்து வரும் செடி எட்டில் ஒன்று. கடைசியில் தன்மகரந்தச் சேர்க்கையில் மூன்றும் இரட்டைப் பிரதியாக அமைவது 64-ல் ஒன்று. நோயைப் பார்த்து இதைப் பொறுக்க முடியாது, கோட்டைப் பார்த்துப் பொறுக்கலாம்.

இதோடு நிற்பதில்லை. மற்ற குரோமோசோம்களில் பரவலாக உள்ள மார்க்கர்களையும் பார்த்து, மூன்று மரபணுவும் இருக்கும் செடிகளிலேயே அம்பையின் பங்கு அதிகமாக உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். 75 சதவீதம் என்பது சராசரிதான், அதற்கு மேலே நிற்கும் செடிகளும் இருக்கும். அண்ணாச்சி கேட்ட "அதே நெல்லு" கிடைப்பது இந்த இரண்டாம் தேர்வால்தான்.

பதினொன்றாம் குரோமோசோம்

இந்த ஆய்வில் என்னை மிகவும் ஈர்த்தது இந்த இடம். ஏழில் நான்கு, அதாவது எக்ஸ்ஏ-21, பிஐ-54, இலையுறைக் கருகலுக்கான இரண்டு பகுதிகள், எல்லாம் 11-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. எக்ஸ்ஏ-21 வருவது ஐ.ஆர்.பி.பி. 60-இலிருந்து, மற்ற மூன்றும் டெட்டெப்பிலிருந்து. எக்ஸ்ஏ-21-உம் பிஐ-54-உம் அந்தக் குரோமோசோமின் ஒரே நீண்ட கரத்தில் வேறு. வேறு வேறு பெற்றோரிலிருந்து வந்து ஒரே குரோமோசோமில் அமர வேண்டிய மரபணுக்கள் தாமாக ஒன்றுசேராது. ஒன்று வந்தால் மற்றது போகும் என்பதே இயல்பு. இரண்டுக்கும் நடுவில் துண்டு மாற்றம் நடந்த செடியைத் தேடிப் பிடித்தால்தான் நான்கும் ஒரே குரோமோசோமில் நிலைக்கும்.

அதனால் வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். முதலில் இலைக்கருகல் மரபணுக்கள் மூன்றையும் அம்பை 16-க்குள் மூன்று பிற்கலப்பில் கொண்டுவந்து, இரட்டைப் பிரதியாக நிலைப்படுத்தினார்கள். அந்த வரிசைகளை டெட்டெப்போடு கலந்து, மீதி நான்கையும் சேர்த்தார்கள். ஏழும் சேர்ந்த வரிசைகள் மூன்றாம் பிற்கலப்புக்குப் பிறகு இரண்டு தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் கிடைத்தன. பொறுமையாகப் பார்த்துச் செய்த வேலை.

ஜெல்லில் கோடு தெரிந்தால் மட்டும் போதாது, செடி தாங்குகிறதா என்பதே கடைசிச் சோதனை. இலைக்கருகலுக்கு அந்தச் சோதனை எளிமையானது. தூர் முழுதாகக் கட்டிய பயிரில், பாக்டீரியாக் கரைசலில் முக்கிய கத்தரிக்கோலால் இலை நுனியை வெட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்து வெட்டிய இடத்திலிருந்து காய்ச்சல் எவ்வளவு நீளம் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். எதிர்ப்புள்ள செடியில் அது வெட்டுவாயோடு நின்றுவிடும்.

முன்பே நடந்து காட்டிய வழி

இது வயலுக்கு வராத ஆய்வகச் சமாச்சாரமா என்று கேட்கலாம். இல்லை. நம் பக்கம் ஆந்திரா பொன்னி என்று பேர் சொல்லி வாங்கும் சம்பா மசூரி, பி.பி.டி. 5204, 1986-ல் ஆந்திராவின் பாபட்லாவிலிருந்து வந்த ரகம். அதன் முன்னோரில் ஒன்று கோயம்புத்தூரில் பிறந்த ஜி.இ.பி. 24. அந்தச் சம்பா மசூரிக்குள் இதே மூன்று மரபணுக்களை ஹைதராபாத்தில் நெல் ஆராய்ச்சி இயக்ககமும், செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து நான்கு பிற்கலப்பில் சேர்த்தன. 2008-ல் மேம்படுத்திய சம்பா மசூரி என்று வெளியானது. அரிசியின் சன்னம், சமையல் தரம் மாறவில்லை. மக்கள் அதை ஏற்றுக்கொண்டதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கோதுமையிலும் இதே வழிதான். பஞ்சாபில் பெயர் பெற்ற பி.பி.டபிள்யூ. 343 துரு நோய்க்கு இடம் கொடுக்க ஆரம்பித்த பிறகு, மார்க்கர் உதவியோடு துரு எதிர்ப்பைச் சேர்த்து உன்னத் பி.பி.டபிள்யூ. 343 என்று 2017-ல் கொண்டுவந்தார்கள்.

"இது மரபணு மாற்றுப் பயிரா?" என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வருகிறது. இல்லை. நெல்லை நெல்லோடு மகரந்தம் சேர்த்துக் கலந்ததுதான். மார்க்கர் பொறுக்குவதற்கு மட்டுமே பயன்படுகிறது, செடிக்குள் எதையும் செலுத்துவதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். விதைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க விவசாயிக்கு முழு உரிமை உண்டு.

நெல்லை வயலில் பார்க்க வேண்டியவை

ஒரு வரிசை ரகமாக வெளியாவதற்கு முன் நிலையச் சோதனை, பல இடச் சோதனை, விவசாயிகள் வயலில் நடக்கும் சோதனை என்று படிகள் உண்டு. அம்பை 16 வழி வரும் எந்த வரிசையானாலும் கடைசிப் படியைத் தாமிரபரணிப் பாசனத்தில், அதுவும் பிசானத்தில் வைக்க வேண்டும் என்பது என் வாதம். பிசானத்துக்கு முந்தைய கார் பருவத்தில் மட்டும் நட்டுப் பார்த்தால் இலைக்கருகலின் முழு வேகம் தெரியாது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் இருக்கும் கிருமி வகைகளைத் திரட்டி, அவற்றைக் கொண்டே கத்தரிக்கோல் சோதனை செய்ய வேண்டும். வேறு மாவட்டத்துக் கிருமியைத் தாங்கும் செடி இங்குள்ளதையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இலையுறைக் கருகல் தண்ணீர் மட்டத்தில் தொடங்கும் நோய், நெருங்கி நட்ட வயலில்தான் அதன் வேகம் தெரியும். அதனால் விவசாயி நடும் நெருக்கத்திலேயே நட்டுப் பார்க்க வேண்டும். ஆலையில் நெல்லை அரைத்தெடுத்த அரிசியை இட்லிக்கு ஊறப்போட்டுப் பார்க்க வேண்டும். எதிர்ப்பு இருந்தும் இட்லி கல்லாக வந்தால் வியாபாரி வாங்க மாட்டார், அடுத்த பிசானத்தில் யாரும் நாற்றுப் பாவ மாட்டார்கள்.

எதிர்ப்பு ரகம் வந்தாலும் யூரியாவை அள்ளிப் போடலாம் என்று அர்த்தமில்லை. தழைச்சத்து மிஞ்சினால் மூன்று நோய்க்கும் கொண்டாட்டம்தான். பச்சை மிஞ்சுகிறதா என்று இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் பிரித்துப் போடுவது இப்போதைக்கும் பொருந்தும், அப்போதைக்கும் பொருந்தும்.

விதையைப் பற்றி ஒரு வார்த்தை. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும் பயிர். இரட்டைப் பிரதியாக நிலைத்த மரபணு, விவசாயி தானே எடுத்து வைக்கும் விதையிலும் அப்படியே தொடரும், வருடா வருடம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்ப்புள்ள அம்பை 16-உம் பழைய அம்பை 16-உம் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும். களத்திலும் கதிரடிக்கும் இயந்திரத்திலும் கலந்துவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. அதனால் ஆதார விதை உற்பத்தியிலேயே ஒவ்வொரு தொகுதியிலும் சில செடிகளின் இலையைக் கிள்ளி அதே மார்க்கர்களை ஓட்டிப் பார்த்து, எந்தெந்த மரபணு உள்ளது என்பதை விதை மூட்டையின் சீட்டில் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.